கடைக்கண்டம்

சம்மாந்துறை ஆஸ்பத்திரி, இயன்மருத்துவப் பகுதி.
செவ்வாய்க் கிளினிக். இலக்கம் முப்பத்தொன்று:
ஆதம்பாவா, நாற்பத்தொன்பது,
அரிசி ஆலையில் மூட்டை இறக்குபவர்.
வலக்கை சட்டைக்குள் நுழைய ஏலாமல்
சாரனோடும் தோளில் ஒரு துவாயோடும் வந்திருந்தார்.

"எங்கயும் விழல்ல. அடிபடல்ல.
வெட்டுமில்ல, வீக்கமுமில்ல.
மறுகா என்னத்துக்கு அறுந்த?"

ஸ்கேன் தாளில் விரல் வைத்தேன்.
எலும்புக் கூரைக்கும் எலும்பு உருண்டைக்கும் நடுவே
வெள்ளையாய் ஓட வேண்டிய தசைநாண்
ஓரிடத்தில் மட்டும் இருண்டு
கலங்கிக் கிடந்தது.

அந்த விரல் அகலத்துக்கு
ரத்தம் எப்போதும் குறைவுதான்.
தசைப் பக்கமிருந்து கொஞ்சம் வரும்,
எலும்புப் பக்கமிருந்து கொஞ்சம் வரும்,
சந்திக்கிற இடத்தில் இரண்டுமே களைத்திருக்கும்.
மூட்டையோடு கை உயர்ந்தால் அதுவும் நசுங்கும்.
ஒட்சிசன் போதாது, என்றேன்.

"அப்ப சிலிண்டர் வெச்சி விடுங்க,
கொரோனாவுக்கு வெச்ச மாதிரி."
வாங்கில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்.

பிறகு அவராகவே,
"ஒரு ஏக்கர் குத்தகைக்குச் செய்யிற நான்.
வாய்க்கால் முடியிற இடம், கடைக்கண்டம்.
மேல உள்ளவன் குடிச்ச மிச்சம்தான் எனக்கு.
இந்தத் தோளும் அப்பிடியா?"

ஆம் என்றேன். உடனே, முழுக்க இல்லை என்றேன்.
வயல் காய்ந்தால் சும்மா கிடக்கும்.
செல் சும்மா கிடக்காது.
மூச்சு முட்டுகையில் அதன் இழைமணிகள்
பாதி எரித்து மீதியைத் துப்பும்;
துப்பியது பட்ட இடமெல்லாம்
துருப்போல அரிக்கும்.
முறுக்குக் கயிறு திரிக்கத் தெரிந்த அதே செல்
அவசரத்தில் மெல்லிய தும்பை
நெடுக்கும் குறுக்கும் போட்டு
ஓட்டையை மூடிவிட்டுப் போகும்.
அதன் மேல் நீங்கள் அடுத்த மூட்டையை வைப்பீர்கள்.

ஒட்சிசன் வராததும் கேடு,
வராதிருந்து திடீரென்று வருவதும் கேடு.
இதைச் சொல்லத் திணறினேன்.
அவர் திணறவில்லை.

"ராவைக்கி ஒரேயடியாத் திறந்து விடுவானுகள்.
வரம்பை உடைச்சிப் போட்டுப் போகும்.
தண்ணி வரல்ல எண்டு அழுதவன்
தண்ணி வந்துட்டு எண்டு அழுவான்."

எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கப் போய்
முகம் சுளித்தார்.

"இவ்வளவு காலமும் ஏன் நோகல்ல?"

நலிவு தொடங்கி வருஷங்கள் இருக்கும், சத்தமில்லாமல்.
பஞ்சம் கேள்விப்பட்டு உடம்பு அங்கே
புதிய குழாய்களை அனுப்பியது.
குழாய்களோடு நரம்பும் ஒட்டிக்கொண்டு வந்தது.
உங்களுக்கு நோகத் தொடங்கிய நாள்
உதவி வந்து சேர்ந்த நாளாகவும் இருக்கலாம்.

அது அவருக்குப் பிடிக்கவில்லை.
"உதவி எங்களுக்கு எப்பவும்
இப்பிடித்தான் வாற" என்றார்.
இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அரை லீற்றர்ப் போத்தலில் தண்ணீர் நிரப்பி
மெல்லத் தாழ்த்துங்கள், ஐந்து எண்ணும் வரை.
காலையில் பத்து, மாலையில் பத்து.
ஆறு கிழமைக்கு மூட்டை தொடக் கூடாது.

"ஆறு கிழமை."
சுழலாத மின்விசிறியைப் பார்த்து
ஏதோ கணக்குப் பார்த்தார்.
சிறுபோக அறுவடை நெருங்குகிறது.
மூட்டைக்கு முப்பது ரூபா.
துவாயை மற்றத் தோளுக்கு மாற்றினார்.
"இடக்கை இரிக்கிதானே."
அட்டையை வாங்க மறந்து போனார்.

இரவு, காரைதீவில்,
கை மேலேயே படுத்துத் தூங்கி
மூன்று மணிக்கு விழித்தேன்.
தோளுக்குக் கீழே எதுவும் என்னுடையதில்லை.
புரண்டேன். சற்றுப் பொறுத்து
எறும்பு எறும்பாக, நெருப்பாகத் திரும்பி வந்தது கை.
இது நரம்பின் வேலை, தசைநாணுடையதல்ல.
படித்தவளுக்குத் தெரியும்.
தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

கல்முனை வீதியில் ஒரு நெல் லொறி
பாரத்தோடு முனகிப் போகிறது.
எத்தனை மூட்டை இருக்கும் என்று
எண்ணப் பார்க்கின்றன
இன்னும் மடங்காத என் விரல்கள்.